போஸ்ட் மாஸ்டரும் பாக்கெட்டும்

கம்ப்யூட்டர்காரர்களின் வார்த்தைகளில் பல, தபால் இலாகாவிடம் கைமாத்து வாங்கியவை. மெயில், அட்ரஸ், பாக்கெட்... திருப்பித் தரும் உத்தேசம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, 36 வருஷம் தபால் இலாகாவில் இருந்து ரிடையரான எங்கள் மாடி வீட்டு போஸ்ட் மாஸ்டர், இன்டர்நெட் விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் தர மாணவர்.

அவர் பாடம் கேட்க வரவில்லை. பெண் மீது புகார் சொல்ல வந்தார். பெண் கலிஃபோர்னியாவில். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ கால்.

"பத்து நிமிஷம் நல்லாத்தான் பேசறா தம்பி. அவங்கம்மா வளையலை வந்து வாங்கிட்டுப் போம்மான்னு ஆரம்பிச்சா, மூஞ்சி அப்படியே நின்னுடுது. அப்புறம் கட். வேணும்னே பண்றா. நூறு எம்.பி.பி.எஸ். லைன் போட்டிருக்கேன், லைன் எப்படிப் போகும்?"

இரண்டு வாரமாக அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லையாம்.

முதலில் அந்த நூறு. இந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பு இல்லை. மெகாபிட்ஸ் பெர் செகண்ட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். லைன் விற்பவர்கள் பிட்டில் சொல்வார்கள், சினிமா ஃபைலின் சைஸ் பைட்டில் இருக்கும். ஆக நூறு என்பது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். 700 மெகாபைட் படம் இறங்க, எல்லாம் ஒழுங்காக நடந்தால் 56 விநாடி. பொய் இல்லை, பெரிய நம்பர் விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். வீடியோ காலுக்கோ சில மெகாபிட் போதும். எனவே குற்றவாளி ஸ்பீடு அல்ல.

"உங்க முகம், குரல் எல்லாத்தையும் பொடிப்பொடியா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கவர்ல போட்டு, டு அட்ரஸ், ஃப்ரம் அட்ரஸ் எழுதி அனுப்பறாங்க சார். அந்தக் கவர்தான் பாக்கெட். அட்ரஸ்தான் ஐ.பி. வழியில ஒவ்வொரு ரூட்டரும் அட்ரஸைப் பார்த்து அடுத்த ஊருக்குத் தள்ளி விடும்."

"ஆர்.எம்.எஸ். சார்ட்டிங்!" என்றார். முகத்தில் பத்து வயசு குறைந்தது.

அப்புறம் எனக்கு வேலையே இல்லை. டி.சி.பி. என்றால் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வைத்த ரிஜிஸ்டர் தபால். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஈ-மெயில், பேங்க் கணக்கு எல்லாம் இதில்தான். யு.டி.பி. சாதா கார்டு. போட்டதோடு சரி, சேர்ந்ததா என்று கேட்பதில்லை. வீடியோ கால் பெரும்பாலும் இந்த ரகம்.

"ஏன் தம்பி, முக்கியமான பேச்சாச்சே?"

"மூணு விநாடி லேட்டா வர்ற வார்த்தையை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? கல்யாணம் முடிஞ்சப்புறம் வர்ற பத்திரிகை மாதிரி. தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் பார்க்கும். நிறையக் கவர் தொலைஞ்சா மூஞ்சி நின்னுடும். பாக்கெட் லாஸ்னு பேர்."

ஆனால் சரியாக வளையல் பேச்சில் ஏன் தொலைய வேண்டும்? மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வைஃபை ரூட்டர் ஹாலில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். இரும்பு ரேடியோ அலைக்கு ஜென்ம விரோதி. அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 அளவுக்குக்கூடச் சுவர் தாண்டாது.

"எங்க உட்கார்ந்து பேசுவீங்க?"

"ஹால்லதான்." குரலைத் தாழ்த்தினார். "வளையல் பேச்சுக்கு மட்டும் பின்ரூமுக்குப் போயிடுவேன். மருமக காதுல விழக் கூடாது பாரு."

நடுவில் இரண்டு சுவர், ஒரு பீரோ!

"ஹால்லயே பேசிடுங்களேன்" என்றேன். சமையலறைப் பக்கம் பார்த்தார். "அந்தப் பெட்டியைப் பின்ரூமுக்கு மாத்த முடியாதா தம்பி?"

பதினைந்து மீட்டர் லேன் ஒயர் வாங்கி, சுவரோரமாக இழுத்து, மாற்றினோம். சாயங்காலம் ஏழு மணி, அங்கே விடிகாலை. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

"ரெண்டு வாரமா ஏன்ப்பா போனை எடுக்கலை? உடம்புக்கு என்ன?"

போஸ்ட் மாஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். "பாக்கெட் லாஸ்மா" என்றார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன்.