எண்பதைத் தொட்டால் ஆடும் கார்

குருவிகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவரின் பழைய சின்னக் கார் அது. ஊர்ப்பக்கம் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐம்பதிலும் அறுபதிலும் அலுங்காமல் போகும். கோவில்பட்டி போய் நான்குவழிச் சாலை ஏறி எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். தொண்ணூறில் முன்னால் வைத்த சாவிக்கொத்து கிலுகிலுக்கும். நூறைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். அடங்குகிறதே என்று இன்னும் மிதித்துப் போகிறவர்களும் உண்டு. அவர் அப்படிச் செய்யவில்லை. தாயாரை மதுரைக்குக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது.

முதலில் போன பட்டறையில் அலைன்மென்ட் என்றார்கள். பார்த்தார்கள், ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து பால் ஜாயிண்ட், டை ராட் முனை எல்லாம் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார்கள். பருத்திக் காசில் எட்டாயிரம் போனது. அந்த உருப்படிகள் தேய்ந்திருந்தது உண்மைதான், அதனால் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் சாத்தூர் தாண்டுவதற்குள் சாவிக்கொத்து மறுபடியும் கிலுகிலுத்தது.

டயர் கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி மகனிடம் கடைசியில் வண்டியைக் கொண்டுபோனார். அவன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டான்.

“எந்த வேகத்துல ஆடுது மாமா?”

“எண்பதுல இருந்து.”

“கையிலயா, சீட்டுலயா?”

“கையிலதான் மாப்ளே.”

“பிரேக் மிதிச்சா கூடுதா?”

“இல்ல.”

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா நிக்குதா?”

“அப்பவும் ஆடத்தான் செய்யுது.”

பாதி நோய் இந்த நாலு கேள்வியில் தெரிந்துவிடும். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். இழுக்கும்போது ஆடி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். பின்சக்கரம் இழுக்கும் வண்டியானால் புரொப்பெல்லர் ஷாஃப்ட். எது செய்தாலும் நிற்காமல், குறிப்பிட்ட வேகத்தில் தவறாமல் வந்தால் சக்கரத்தின் எடை சமமாக இல்லை என்று பொருள். அலைன்மென்ட் கோளாறில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். அதனால் மட்டும் இப்படி நடுங்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சக்கரத்தைக் கழற்றித் திருப்பியதும் சங்கதி தெரிந்தது. இடது முன்சக்கரத்தின் ரிம் உள்பக்கத்தில் கை அகலத்துக்குக் கரிசல் மண் அப்பிக் காய்ந்து கிடந்தது. ஐப்பசி மழையில் காட்டுப் பாதையில் உரமூட்டை ஏற்றிப் போனபோது ஒட்டியது. நம் கரிசல் ஈரத்தில் பசை, காய்ந்தால் கல். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இத்தனூண்டு மண்ணா இப்படி ஆட்டும் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தீவனம் வெட்டும் இயந்திரத்தில் ஒரு கத்தியை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 சுற்று சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் ஒட்டிய 100 கிராம் மண், அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 13 கிலோ கனம் தொங்குவதுபோல் வெளியே இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். ஊருக்குள் ஆடாததற்கும் அதுதான் காரணம்.

மண்ணைச் சுரண்டி, கழுவி, பேலன்சிங் மிஷினில் ஏற்றி வெயிட் அடித்தார்கள். சில நூறு ரூபாய்தான் ஆனது. இருவரும் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்டியரிங் அசையவில்லை. அவர் சந்தோஷமாகத் திரும்பலாம் என்றார். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மருமகன்தான், “இருங்க மாமா, சீட்டுல லேசா ஒரு துடிப்பு இருக்கு” என்றான். முன்னால் பெரிய ஆட்டம் இருந்தவரை பின்னால் இருந்த சின்னது தெரியவில்லை.

வலது பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். டயரின் உள்பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ஏதோ பள்ளத்தில் விழுந்தபோது உள்ளே இருக்கும் நூலிழை அறுந்து, காற்று அந்த இடத்தைத் தள்ளியிருக்கிறது. இதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. வேகத்தில் எந்த நேரமும் வெடிக்கலாம். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியாக 3514 என்று இருந்தது. 2014-ம் ஆண்டின் 35-வது வாரம் என்று அர்த்தம். வண்டியை வாங்கியபோது பட்டன் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அவர் பார்த்திருந்தார்.

அம்மா எப்போதும் உட்காருவது அந்தச் சக்கரத்தின் பக்கம்தான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு பின்டயரும் புதுசாப் போட்டுரு மாப்ளே” என்றார். கையில் இருந்தது போதவில்லை. மீதியைப் பருத்தி அடுத்த எடுப்பில் தருவதாகப் பேச்சு.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் சாவிக்கொத்து சத்தமில்லாமல் கிடந்தது. இப்போதெல்லாம் மழைக்காலத்தில் காட்டிலிருந்து வந்ததும், மண் காய்வதற்கு முன் கிணற்று மோட்டாரைப் போட்டு, ஹோஸைச் சக்கரத்தின் உள்பக்கம் விட்டு அடித்துவிடுகிறார். கூடவே கையை விட்டு டயரின் உள்சுவரையும் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறார்.