உறையூர்ச் சுருட்டும் டில்லி வெயிலும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் டில்லி திரும்பும் நம்மவர்களின் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தால், ஒரு மளிகைக் கடையே வைத்துவிடலாம். காப்பிப் பொடி, வடகம், மாவடு, நார்த்தங்காய், அப்பளக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். இவை எல்லாம் பிரயாணத்துக்குப் பழகியவை. வடகத்துக்கு வெயில் உறவு. மாவடுவுக்கு உப்பே காவல். ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாக நான் சுமந்து வருகிற சரக்கு இந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. காற்றுக் கொஞ்சம் வறண்டாலும் அதற்கு ஆகாது. கொஞ்சம் நனைந்தாலும் ஆகாது. அது உறையூர்ச் சுருட்டு.

வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் புகைப்பவன் அல்லேன். புகையிலை உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்று அபிப்பிராயமும் இல்லை. கரோல்பாகில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். அவருடைய தகப்பனார் உறையூரில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளியாக இருந்தவர். பெரியவரும் வைத்தியர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சுருட்டை விட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும், ஒவ்வொரு கோடையிலும் நான் ஊருக்குக் கிளம்பும்போது, "தம்பி, அஞ்சே அஞ்சு உறையூர்ச் சுருட்டு கொண்டு வாப்பா. பத்த வைக்க மாட்டேன், பயப்படாதே" என்பார். அவருக்கு வேண்டியது அந்த இலையின் வாசனையும், விரலுக்கு நடுவில் அதை உருட்டும்போது கிடைக்கும் மெத்தென்ற பதமும்தான். ஒரு மாதம் வைத்து முகர்ந்துவிட்டு, அடுத்த வீட்டுப் பஞ்சாபி நண்பரிடம் கொடுத்துவிடுவார். வாசனை இவருக்கு, புகை அவருக்கு என்று ஏற்பாடு.

உறையூர் திருச்சி நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்ட ஊர். முற்காலச் சோழர்களின் தலைநகரம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவூட்ட அங்கே இன்று பெரிய அடையாளம் ஒன்றும் கண்ணில் படாது. தறிச் சத்தம் கேட்கும். வெக்காளியம்மன் கோயிலில், கருவறைக்குக் கூரையே இல்லாமல், வெயிலையும் மழையையும் தலைமேல் ஏற்றுக்கொண்டு அம்மன் வீற்றிருப்பதைக் காணலாம். அதே ஊரில் பிறக்கிற சுருட்டுக்கோ வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது.

ஒரு காலத்தில் இந்தச் சுருட்டு கடல் கடந்து போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'டிரிச்சினாப்பொலி' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் விலைபோயிற்று. 1887-இல் வெளிவந்த ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், தரையில் உதிர்ந்து கிடந்த சாம்பலைக் கொண்டே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுகிறார். ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு' தான். இருபுறமும் ஒரே பருமனாக நறுக்கி விடப்பட்டது செரூட். ஒரு முனை மூடியிருப்பது சிகார். இன்று உறையூரில் இத்தொழில் மிகவும் சுருங்கிவிட்டது.

நான் சுருட்டு வாங்கிய இடம் தாழ்வான கூரை போட்ட ஒரு வீட்டுத் திண்ணை. நடு வயதைத் தாண்டிய ஒருவர் பலகையும் கத்தியும் முன்னால் வைத்துக்கொண்டு சுற்றிக் கொண்டிருந்தார். பக்கத்தில் நனைத்த சாக்கின்கீழ் இலைகள் இருந்தன. "ஏன் ஐயா, நனைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சாக்கின்கீழ் இல்லாத ஓர் இலையை எடுத்து மடித்தார். அது அப்பளம்போல் நொறுங்கியது. பிறகு சாக்கின்கீழிருந்து ஒன்றை எடுத்து மடித்தார். அது துணிபோல் மடிந்தது. "அவ்வளவுதான் சார்" என்றார். விஷயம் முழுவதும் அந்த இரண்டு வார்த்தைகளில் இருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. ஐந்து சுருட்டுகளைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அங்கிருந்து புது டில்லி ஏறக்குறைய 2,180. 1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நம்மில் பலருக்குப் பிறந்த வீட்டு வாசற்படி மாதிரி. இரவில் சென்னை சென்ட்ரலை விட்டுக் கிளம்பும்போது கடற்காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விடிந்து வாரங்கல்லைத் தாண்டும்போது வியர்வை நின்றுவிடும். நல்லது என்று எண்ணுவோம்; உண்மையில் வியர்வை நிற்பதில்லை, வந்தவுடனே காய்ந்துவிடுகிறது. பல்லார்ஷாவைத் தாண்டி, பிற்பகலில் நாகபுரியை எட்டும்போது, மே மாதமானால், வெளியே 45 டிகிரி வரை போகும். உதடு வெடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஏறிவிட்டால் தப்பலாம் என்றும் சொல்ல முடியாது. அந்த இயந்திரம் குளிரைக் கொடுக்கும்போதே காற்றிலிருந்து நீரைப் பிழிந்து எடுத்துவிடுகிறது. மனிதனுக்குத் தண்ணீர்ப் புட்டி உண்டு. செய்தித்தாளில் கட்டிய சுருட்டுக்கு என்ன உண்டு?

மறுநாள் மாலை பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து இலேசாக உருட்டினார். சருகு மிதிபடுவதுபோல் சத்தம் கேட்டது. மேலிலை நீளவாக்கில் வெடித்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தார். "வைக்கோல் வாசனை வருதுப்பா" என்றார். கோபமில்லை. அந்த ஐந்தையும் மீண்டும் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காப்பி சாப்பிடச் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு நான் புத்திசாலியாகிவிட்டதாக நினைத்துக் கொண்டேன். வறட்சிதானே சத்துரு? இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்றில் சுருட்டுகளை வைத்து, பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து மூலையில் செருகி மூடினேன். டில்லிக்கு வந்தபின் ஜலதோஷமும் அலுவலக வேலையுமாக ஆறு நாள் கழித்துத்தான் பெரியவரிடம் போக முடிந்தது. திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர். சுருட்டுகள் ஊறிப் பருத்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்திருந்தன. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "போன வருஷம் வைக்கோல், இந்த வருஷம் ஊறுகாயா?" என்றார். பூசணம் பிடித்ததைத் துடைத்துப் பயன்படுத்தக்கூடாது. எல்லாம் குப்பைக்குப் போயின.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், கொஞ்சம் படித்தேன்.

புகையிலை உயிரற்ற பொருளாயினும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்று வறண்டால் தன்னிடமுள்ள நீரைக் கொடுக்கும். காற்று ஈரமானால் வாங்கிக் கொள்ளும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். சுருட்டுக்கு ஏற்றது 65 முதல் 70 விழுக்காடு. 75-ஐத் தாண்டி நின்றால் பூசணத்துக்கு அழைப்பு. டில்லியில் மே மாதப் பிற்பகலில் லூ வீசும்போது இது 20-க்கும் கீழே போவதுண்டு.

பெரிய மரப் பேழையானால் கவலை குறைவு. ஸ்பானிஷ் சிடார் என்று பெயர் பெற்ற மரத்தால் (உண்மையில் அது தேவதாரு இனமே அன்று) பேழை செய்வார்கள். அந்த மரம் மிகுந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது திருப்பிக் கொடுக்கும். ஐந்து சுருட்டுக் கொள்ளும் பிரயாணப் பெட்டியில் அந்த வசதி இல்லை. உள்ளே இருக்கும் காற்று இரண்டு கைப்பிடி. ஒரு முறை திறந்தால் அவ்வளவும் வெளியே போய், நாகபுரிக் காற்று உள்ளே வந்துவிடும். அதை நனைக்க வேண்டிய நீரைச் சுருட்டுத்தான் தன் உடம்பிலிருந்து கொடுக்கவேண்டும். மாறாக, ஒரு துளி தண்ணீர் கூடினாலும் போக இடமில்லை. என் எவர்சில்வர் டப்பா நீரைக் குடிக்காது. ஆகவே அதையும் சுருட்டே குடித்தது. சிறு பெட்டியில் தவறு இரு பக்கமும் சீக்கிரம் நேர்ந்துவிடும் என்பதை இரண்டு ஆண்டுகள், பத்துச் சுருட்டுகள் செலவில் கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு, விளிம்பில் ரப்பர் வளையம் பதித்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினேன். மூடி இறுக்கமா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்தேன், வரவில்லை. பெட்டியோடு வந்த கடற்பஞ்சு போன்ற வட்டத்தை எடுத்து எறிந்துவிட்டேன். அதையே பயன்படுத்த விரும்புகிறவர்கள் குழாய்த் தண்ணீரைத் தொடக்கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு துவாரங்களை அடைத்துவிடும். வடித்த நீரும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் சரிபாதி கலந்து விட்டால் ஏறக்குறைய 70-இல் நிற்கும். பூசணத்துக்கும் அது பிடிக்காது. நான் எடுத்துக்கொண்டது வேறு வழி. போவேடா என்ற பெயரில் சிறு பைகள் விற்கிறார்கள். உள்ளே உப்புக் கரைசல். மேலே நீராவி மட்டும் புகுந்து வரக்கூடிய தோல். காற்று வறண்டால் நீரை விடும், மிகுந்தால் வாங்கிக்கொள்ளும். 62, 65, 69, 72 என்று வெவ்வேறு எண்களில் கிடைக்கின்றன. என் பெட்டிக்கு 8 கிராம் எடையுள்ள 65-ஆம் எண் பை ஒன்று போதுமானதாக இருந்தது. பை கல்போல் விறைத்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

இதில் உப்பின் மகிமையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஈரமானியை நம்புவதற்குமுன் சோதிக்க வேண்டும். அதற்குப் பரிசோதனைச் சாலை வேண்டாம். புட்டி மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, ஈர மணல்போல் ஆகும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக்கூடாது. அதையும் ஈரமானியையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஒரு நாள் வையுங்கள். உள்ளே காற்று 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். டில்லியானாலும் சென்னையானாலும் அப்படித்தான். ஈரமானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது. என்னுடையது அப்படித்தான் சொல்லிற்று.

சென்ற மே மாதம் உறையூர்த் திண்ணையிலேயே ஐந்து சுருட்டுகளையும் பெட்டியில் அடுக்கி, பையை மேலே வைத்து மூடினேன். பெட்டி நிரம்பியிருப்பது நல்லது. காற்றுக்கு இடம் குறைவு. சுருட்டுக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நானே படுத்துக்கலாம் போல இருக்கே சார்" என்றார். வழியில் திறக்கவில்லை. ஜன்னலோரம் வெயில் படாமல், துணிகளுக்கு நடுவில் வைத்தேன். நாகபுரியில் மட்டும் திறந்து பார்க்கக் கை துடித்தது. எதிர் இருக்கை அம்மாள், "என்ன, சுவாமி விக்கிரகமா?" என்று கேட்டார்.

டில்லியில் இறங்கிய அன்றே நேரே பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உருட்டினார். சத்தமில்லை. இரு விரலால் மெல்ல அமுக்கினார். அமுங்கி மீண்டும் எழுந்தது. மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வெகு நேரம் கழித்து, "எங்கப்பா சட்டையில இந்த வாசனைதான் வரும்" என்றார். உள்ளேயிருந்து அவர் மருமகள் காப்பி கொண்டு வந்தபோதுதான் கண்ணைத் திறந்தார்.

பெட்டியை அவரிடமே விட்டேன். கூலர் ஓடும் அறையில் வைத்ததால் ஜூன் வரை தொல்லையில்லை. கூலர் காற்று ஈரக் காற்றல்லவா? ஜூலையில் மழை பிடித்ததும் வேறு ஆபத்து. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, சுருட்டில் ஊசித் துளைகள் விழும். அதற்கு முன்பே சுருட்டுகளைப் பையில் கட்டி மூன்று நாள் உறைபெட்டியிலும், பின் ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டிலும் வைத்து, மெல்ல வெளியே எடுக்கும்படி சொல்லியிருந்தேன். மருமகள் முதலில், "மோர் வைக்கிற இடத்திலேயா?" என்று கேட்டார், பிறகு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இம்முறை பஞ்சாபி நண்பருக்கு நான்குதான் போயின. அக்டோபரில் ஒரு திருமணத்துக்காகத் திருச்சி போகிறேன். பழைய பை விறைத்துவிட்டது. புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஈரமானியை உப்போடு நேற்று மூடி வைத்தேன். இன்று காலை பார்த்தால் 73 காட்டுகிறது. இந்தத் தடவை இரண்டு கூட்டிப் படிக்க வேண்டும்.