எண் குறைகிற பெட்டி

ஒவ்வொரு நத்தாருக்கும் நான் திரும்பப் பார்க்கின்ற கதை ஒன்று உண்டு. நாங்கள் வேதக்காரர் அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் லண்டன் மச்சாள் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தது அது. பிபிசியில் 1963இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானத் தொடரில், 2010 டிசெம்பர் 25இல் வந்த நத்தார் சிறப்புக் கதை. டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கருமியின் கதையை வேறொரு கிரகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அந்தக் கிரகத்தில் மூடுபனிக்குள் மீன்கள் நீந்தும். வானத்தையே ஓர் இயந்திரத்தால் ஆள்பவர் கஸ்ரான் என்ற கிழவர். 2023இல் காலமான மைக்கல் காம்பன் நடித்த பாத்திரம். அவர் கடன் கொடுப்பார். பிணையாக வீட்டு ஆள் ஒருவரை உறைபனிப் பெட்டியில் வைக்க வேண்டும். அப்படிக் கிடப்பவள் அபிகெயில். டொக்டர் காலத்தில் பின்னோக்கிப் போய், சிறுவன் கஸ்ரானையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு நத்தாருக்கு முதல்நாளும் அவளை எழுப்புகிறார். சிரிப்பும் பாட்டுமாகப் போகும். ஆனால் எழுப்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் உள்ள எண் ஒன்று குறைகின்றது. நோய்க்காரியான அவளுக்கு மிச்சமிருக்கிற நாட்கள் அவை.

படிக்கும்போது எனக்குப் பிடித்தது மீன்கள்தான். 2014இல் பட்டம் முடித்து அரச வேலைக்குக் காத்திருந்தபோது, கிளிநொச்சியில் நுண்கடன் நிறுவனம் ஒன்றில் எட்டு மாதம் வெளிக்கள வேலை செய்தேன். அதன் பிறகு கண்ணில் படுவது அந்த எண் மட்டும்தான்.

மூன்று பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற இருவரும் கட்ட வேண்டும். கட்டும்வரை எழும்பக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு நாள் ஒரு தகரக் கொட்டிலின் திண்ணையில் பொழுதுபடும்வரை இருந்தேன். கணவர் இல்லாத வீடு. மற்ற இரண்டு பெண்களும் வாசலில் நின்று அவளைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் அவள் மகளின் தோட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசை எண்ணி அட்டையில் கையெழுத்துப் போட்டேன். கஸ்ரான்கூட, தன்மேல் எதையோ எறிந்த சிறுவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்குகிறார். அந்த இடத்தில்தான் டொக்டர் அவரில் நம்பிக்கை வைக்கிறார்.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் 1 இலட்சம் ரூபா வரை பெற்று நிலுவையில் இருந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. தோடு திரும்பி வந்திராது.

போன நத்தாரன்று நல்ல மழை. அம்மா முதன்முறையாக என்னோடு இருந்து பார்த்தார். மொழி விளங்காததால் நான் சொல்லிச் சொல்லிப் போனேன். மீன்களைக் கண்டு, “இரணைமடு வான் பாயேக்க வயலுக்க மீன் ஏறுற மாதிரி” என்று சிரித்தார். எண் குறைவதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“எழுப்பிற ஆக்கள் முதல் நாளே உது என்ன நம்பர் எண்டு அவளிட்டக் கேட்டிருக்கலாமே பிள்ளை?”

எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. அந்தத் திண்ணையில் இருந்த நாளிலும் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேறு எத்தனை இடத்தில் அட்டை வைத்திருந்தாள், அன்றிரவு உலை வைத்தாளா, எதுவும் தெரியாது. இப்போது வீடுகளுக்குப் போனால், “எத்தினை அட்டை இருக்குதக்கா?” என்றுதான் தொடங்குகிறேன். அதிகமாகச் சொன்னவர் ஏழு என்றார்.

ஜனவரியில் அந்தப் பக்கம் வேலை வந்தது. கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு. மகள் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறாளாம். தாய்க்கு என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கதிரையைத் துடைத்துப் போட்டு, “இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி ஊத்துறன்” என்றார்.

நான் திண்ணையிலேயே இருந்துகொண்டேன்.