வலது பக்கம் பார்

போன மாதம் என் பேத்திக்கு எல்.எல்.ஆர். கிடைத்தது. வந்த அன்றைக்கே, "தாத்தா, நீங்கதான் பக்கத்துல உட்காரணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பாவுக்கு நேரமில்லை. எனக்கோ நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்தவன் நான். விதியைப் படிக்காமல் ஏறி உட்காருவேனா? எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்கு மனுப்போடலாம். பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய வாட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து. பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்கும் குறையக் கூடாது. ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டினேன். பேத்தி சிரித்தாள்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். நம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டார்கள். அதனால் உள்ளே துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் போனோம். நோட்டுப் புத்தகத்துக் கட்டம் போல நேர் நேரான தெருக்கள். அழகுதான். ஆனால் வீட்டுச் சுவர்கள் மூலை வரை வந்து நிற்கும். குறுக்குத் தெருவில் யார் வருகிறார் என்று பக்கத்தில் போகிற வரை தெரியாது.

முதல் சந்திப்பிலேயே பேத்தி வேகத்தைக் குறைக்காமல் போனாள். வலப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

"நான்தானே தாத்தா முதல்ல வந்தேன்?" என்றாள்.

என் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் பெரிய கூட்டல் குறி போட்டு, "பிரியோரித்தே ஆ துருவாத்" என்று சொல்லிக் கொடுத்தார். வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை என்று அர்த்தம். பிரான்சு நாட்டுச் சாலை விதி அது. எங்களிடம் சைக்கிள் கூடக் கிடையாது. மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டோம்.

பிறகு பார்த்தால் நம் நாட்டு விதியும் அதுவேதான். சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத சந்திப்பில், நாம் நுழைவது மெயின் ரோடாக இருந்தால் அதில் போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். மற்ற இடங்களில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். காரணமும் உண்டு. நாம் எல்லாரும் சாலையின் இடது ஓரம் போகிறவர்கள். அதனால் சந்திப்புக்குள் நுழைந்ததும் முதலில் நம் குறுக்கே வருவது வலப்பக்கத்து வண்டிதான். இடப்பக்கத்திலிருந்து வருகிறவர் அந்தத் தெருவின் மறுபாதியில் வருவார். "அதனால முதல்ல வலது, அப்புறம் இடது, மறுபடியும் வலது பார்த்துட்டுப் போம்மா" என்றேன்.

ஒரு வாரம் போனதும் வண்டி நிறுத்தப் பழகினோம். நிறுத்தக் கூடாத இடங்களை ஒப்பிக்கச் சொன்னேன். சந்திப்பிலும் வளைவிலும் கூடாது. நடைபாதை மேல் கூடாது. பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல் கூடாது. ஒருவர் வீட்டு வாசலை மறித்துக் கூடாது. நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாகக் கூடாது, எதிர்ப்புறம் நிற்கிற வண்டிக்கு நேராகவும் கூடாது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்தாள். "முடிஞ்சுது தாத்தா" என்று வலது கையால் கதவைத் திறக்கப் போனாள்.

"திறக்காதே!" என்று கத்திவிட்டேன். குழந்தை பயந்துபோய்விட்டாள்.

அப்போதுதான், வீட்டில் யாருக்கும் இதுவரை சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன்.

1987ஆம் வருஷம். என்னிடம் பழைய பியட் கார் ஒன்று இருந்தது. பத்து மணிக்குள் ஒரு ஃபைலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எதிரே லாரி நின்றதைப் பார்த்தும், சந்திப்புக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தினேன். ஃபைலை எடுத்துக்கொண்டு, பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தேன். சைக்கிளில் வந்த பால்காரர் கதவில் மோதி விழுந்தார். லாரி நின்றதால் அவருக்கு ஒதுங்கவும் இடமில்லை. கேன் உருண்டு பால் முழுதும் ரோட்டில் ஓடியது. அவர் என்னைத் திட்டவில்லை. "சார், பால் எல்லாம் போச்சே" என்று மட்டும் சொன்னார். மணிக்கட்டு உடைந்திருப்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. வைத்தியச் செலவும் ஆறு வார வருமானமும் கொடுத்தேன். ஆனால் அவர் வராத நாட்களில் சில வீட்டுக்காரர்கள் வேறு இடத்தில் பால் வாங்கப் பழகிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு நான் எதைக் கொடுத்து ஈடுகட்ட முடியும்? வீட்டில் "கதவுல கோடு விழுந்திருச்சு" என்றதோடு சரி.

அன்றிலிருந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் இடது கையால்தான் கதவைத் திறப்பேன். இடது கையை நீட்டும்போது உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும். கண் கண்ணாடியையும் பார்க்கும், தோளுக்குப் பின்னால் ரோட்டையும் பார்க்கும். நெதர்லாந்தில் இப்படித்தான் திறக்கப் பழகிக்கொள்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பால்காரரின் உடைந்த கை.

பேத்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இடது கையை நீட்டினாள், திரும்பிப் பார்த்தாள். ஒரு கீரைக்கார அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் தாண்டிப் போகும் வரை காத்திருந்து கதவைத் திறந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது வண்டி பழகினால், கியர் போடுவதோடு இதையும் சொல்லிக்கொடுங்கள். இன்ஜினை அணைத்ததும் வேலை முடிந்துவிடாது. இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் முடிகிறது.