பாட்டுப் போடுகிறவர்

தங்கை மகளின் கல்யாண வரவேற்புக்கு டிஜே வேண்டும் என்று வீட்டில் இளசுகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். மண்டபம் மானாமதுரையில். மூன்று பேரிடம் விசாரித்தேன். பாக்ஸ் எத்தனை, வாட்ஸ் எவ்வளவு என்றுதான் மூவரும் ஆரம்பித்தார்கள். நான்காமவர் மட்டும், "மண்டபத்துச் சுவர்ல டைல்ஸ் ஒட்டியிருக்காங்களா சார்? முன்வரிசையில வயசானவுக உக்காருவாகளா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவர் வேலை செய்வதைப் பார்க்கத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து ஊரில் ஒரு காதணி விழா இருப்பதாகச் சொன்னார். "மதியமே கடைக்கு வந்துருங்க" என்றார்.

கடை என்பது ஷட்டர் போட்ட ஓர் அறை. மூலையில் அப்பா காலத்துக் குழாய்கள் இரண்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஊரில் இவரை இன்றும் 'மைக் செட்டுக்காரர் மகன்' என்றுதான் சொல்கிறார்கள். டிஜே என்று கூப்பிடுவது கல்லூரிப் பையன்கள் மட்டும். அப்பா அரக்குத் தட்டில் தொழில் தொடங்கியவர். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். தட்டைத் திருப்பும்போதெல்லாம் எஃகு முள்ளையும் மாற்ற வேண்டும். "மூணு நிமிசத்துக்கு ஒருக்கா அடுத்தது என்னன்னு யோசிச்ச மனுசன் சார். இப்ப பென் டிரைவைச் சொருகிட்டுப் படுத்துத் தூங்குறவனும் இருக்கான்."

அப்பாவின் வரிசையை அவர் இன்னும் விடவில்லை. முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். அடுத்து டி.எம்.சௌந்தரராஜனின் முருகன். அம்மன் கோயில் விசேஷம் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி இல்லாமல் விடியாது. சினிமாப் பாட்டு அதற்குப் பிறகுதான். சினிமாப் பாட்டிலும் மெட்டை மட்டும் கேட்டு அவர் எடுப்பதில்லை. துள்ளலான மெட்டுக்குள் பிரிவையும் ஏமாற்றத்தையும் பாடுகிற பாட்டுகள் நம்மிடம் ஏராளம். மணமேடையில் அப்படி ஒன்று ஒலித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

குட்டியானையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, உதவிக்கு இரண்டு பையன்களோடு போய்ச் சேர்ந்தோம். பெட்டியை இறக்கும் முன்பே அவர் தேடிப் போனது ஸ்விட்ச் போர்டை. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதிலும் கை வைப்பதில்லை. பிறகு மண்டபத்தின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டினார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. "பூராம் டைல்ஸு. இதுல சத்தத்தைக் கூட்டுனா பாட்டு கேக்காது, இரைச்சல்தான் கேக்கும். ஆள் நெறைஞ்சதும் கொஞ்சம் அடங்கும். உடம்பும் துணிமணியும் சத்தத்தைக் குடிச்சிரும்ல."

மேடைப் பக்கத்துப் பாக்ஸ்களை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டினார். தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் காது போகும், கடைசி வரிசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. பதினேழு மீட்டர் தள்ளிப் பின்னால் இரண்டு சிறிய பாக்ஸ்கள். முன்னாலிருந்து கிளம்பும் ஒலி அங்கே போய்ச் சேர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதே அளவு பின் பாக்ஸைத் தாமதப்படுத்தினார். இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். பந்தி நடக்கும் கூடத்தில் ஒரே ஒரு சின்னப் பெட்டி, பேச்சுக் குரலுக்கு அடங்கினாற்போல.

லேப்டாப்பில் ஒவ்வொரு பாட்டிலும் குறி போட்டிருந்தார். நம் சினிமாப் பாட்டில் சரணத்துக்கு முன்னால் இடையிசை நீளும். கேட்க அருமையாக இருக்கும், ஆடுகிற கால் அங்கே நின்றுவிடும். ஆட்டம் சூடாக இருக்கும்போது இரண்டாவது இடையிசையைத் தாண்டிப் பல்லவிக்கு வந்துவிடுகிறார். அடுத்த பாட்டின் தாளத்தை ஹெட்போனில் முன்கூட்டியே கேட்டு, வேகத்தைச் சமன் செய்து உள்ளே விடுகிறார். ஆடியவர்கள் யாருக்கும் பாட்டு மாறிய இடம் தெரியவில்லை. தாய்மாமன் சீர் வாசலுக்கு வந்து மேளச் சத்தம் கேட்டதும், ஐந்தாறு விநாடியில் பாட்டைப் படிப்படியாக இறக்கி மேளத்துக்கு வழிவிட்டார். அன்று நான் பார்த்ததிலேயே அழகான காரியம் அது.

எட்டரை மணிவாக்கில் நான்கைந்து இளைஞர்கள் வந்து அவரைச் சூழ்ந்தார்கள். "எங்காளுக பாட்டு ஒண்ணு போடுங்கண்ணே." சாதிப் பாட்டு. "எங்கிட்ட இல்ல தம்பி" என்றார். போனை நீட்டினார்கள். "இந்த மிக்ஸர்ல போன் எடுக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முனகி முடிப்பதற்குள் எல்லாரும் ஆடுகிற பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டார். அவர்களும் ஆடப் போய்விட்டார்கள். போன் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும்; மாலையில் அதில்தான் சோதித்துப் பார்த்தார். "ரெண்டு தெரு தள்ளி வேற ஆளுக இருக்காக சார். பாட்டு அங்கயும் கேக்கும்ல" என்றார். வெட்டுக்குத்து வரை போகக்கூடிய ஒன்றை ஒரு பொய்யாலும் ஒரு பாட்டாலும் கடக்கிறார். இந்தத் தொழிலின் ஆகக் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். எந்த விலைப்பட்டியலிலும் இது இல்லை.

பத்து மணிக்கு நிறுத்தினார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மீறினால் பறிமுதலாவது இவருடைய ஆம்ப்ளிபயர்தான். கடைசியாக ஒரு பாட்டு என்று கெஞ்சுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. 2020 ஊரடங்கில் விசேஷங்கள் நின்றபோது இரண்டு பெரிய பாக்ஸ்களை விற்றுத்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாராம். அந்த நஷ்டத்தை இன்னும் ஈடுகட்ட முடியவில்லை. காதில் ஓயாமல் ஒரு ரீங்காரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஒயரைச் சுருட்டி முடிக்கப் பதினொன்றரை ஆனது. பந்தி முடிந்திருந்தது. மிஞ்சிய சாம்பார் சோற்றைப் பையன்கள் இருவரும் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீதிப் பணத்துக்கு விழாக்காரர் வீட்டார், "புதன்கிழமை வாங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். பையன்களின் கூலியை இவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு வரவேற்புக்கு இவரையே பேசி முடித்துவிட்டோம். நீங்களும் டிஜே பேசப் போனால், விழாவில் எது எப்போது நடக்கும் என்பதை நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். முதல் பந்தியிலேயே அவர்களுக்கு இலை போடச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் இன்னொரு பாட்டுக் கேட்காதீர்கள். மீதிப் பணத்தை வண்டி கிளம்பும் முன் கையில் கொடுத்துவிடுங்கள்.