கோழிக்குள் நீந்துகிற கிருமி

ஏ லெவலில் பயோ படிச்ச எல்லாருக்கும் சவுக்குமுளையைத் தெரியும். படம் கீறி, பெயர் குறிச்சு, புள்ளியும் எடுத்தாச்சு. அது இல்லாட்டி அந்த உயிருக்கு என்ன நடக்கும் எண்டு எங்களை ஒருத்தரும் கேட்டதில்லை. அதுக்கு ஒரு நல்ல பதில் கோழியின் குடலுக்குள் இருக்கிறது.

கம்பைலோபக்ரர் ஜெஜுனி எண்டு ஒரு பற்றீரியா. சுருள் உடம்பு, பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சவுக்குமுளை. கோழியின் உடம்புச் சூடு 41, 42 பாகை செல்சியஸ். இந்தக் கிருமிக்கு வளரப் பிடித்த சூடும் அதுதான். பண்ணையில் இரண்டு மூன்று கிழமைக் குஞ்சொன்றுக்குள் போனால் சில நாளில் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். குருட்டுக்குடலின் ஒரு கிராம் உள்ளடக்கத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். ஆனால் கோழிக்குப் பெரும்பாலும் ஒண்டும் இல்லை. தின்னுது, கிளறுது, நிறை போடுது.

அது குடியிருப்பது குடற்சுவரை மூடியிருக்கும் சீதத்துக்குள். பிசின் மாதிரியான இடம். மற்றப் பற்றீரியாக்கள் பல திணறுகிற அந்தப் பிசினை இது திருகாணி போலத் துளைச்சுக்கொண்டு போகும். நீச்சல்தான் காரணமா எண்டு பார்க்க ஆய்வாளர்கள் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகக் குலைத்து, அந்தக் கிருமிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சவுக்குமுளையின் பிரதான புரதத்தை ஆக்கும் ஃபிளா-ஏ குலைந்தால் கிருமியால் குடியேற ஏலாது. பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் ஃபிளா-பி குலைந்தாலோ பெரிய நட்டமில்லை. இன்னொன்றும் தெரிந்தது. நீந்த மட்டும் தெரிந்தால் போதாது, எங்கே நீந்துவது எண்டும் தெரியவேணும். சீதத்தின் கூறுகளையும் சில அமினோ அமிலங்களையும் மோப்பம் பிடிக்கிற பரம்பரையலகுகள் சிலவற்றைக் குலைத்தபோது, நல்லா நீந்தத் தெரிந்த கிருமியும் குடியேற முடியாமல் தடுமாறியது.

அப்ப, நீந்துற கிருமிதான் கெட்டது எண்டு முடிவெடுக்கலாமா? ஏலாது. சல்மொனெல்லா கல்லினாரம் எண்டு ஒன்று இருக்கு. அதுக்குச் சவுக்குமுளையே இல்லை. அது குடலில் தங்காமல் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய், வளர்ந்த கோழியையே கொன்றுபோடும். சவுக்குமுளைப் புரதத்தைக் கண்டதும் எச்சரிக்கிற ஒரு உணரி கோழியின் உடம்பில் இருக்கிறது. சவுக்குமுளை இல்லாததால்தான் இது சத்தமில்லாமல் உள்ளே போகிறது என்பது ஒரு விளக்கம். கம்பைலோபக்ரரோ சவுக்குமுளையை விடவில்லை. உணரி பிடிக்கிற அந்தத் துண்டை மட்டும் மாற்றி வைத்திருக்கிறது. எங்களுக்கு இந்த இடம்தான் இந்தக் கதையிலேயே பிடித்தது. ஒன்று சாட்டையை எறிந்துவிட்டது, மற்றது சாட்டைக்கு வேஷம் போட்டிருக்கிறது.

கோழியைத் தொந்தரவு செய்யாத இந்தக் கிருமி எங்களைச் சும்மா விடாது. 1981இல் ஒரு ஆய்வாளர் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தானே குடித்துப் பார்த்தார். வருத்தம் வந்தது. பெரும்பாலானோருக்கு ஒரு கிழமை வயிற்றோட்டம், காய்ச்சலோடு போய்விடும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குக் கில்லன்-பாரே எண்ட நரம்பு நோய் வரும். கிருமியின் மேற்பரப்பில் உள்ள சீனிக்கூறுகள் எங்கட நரம்பில் உள்ளவை போலவே இருப்பதால், கிருமியை எதிர்க்க உடம்பு செய்த பிறபொருளெதிரிகள் நரம்பையும் தாக்குகின்றன. எங்களில் ஒருவரின் மாமாவுக்கு வயிற்றோட்டம் நின்று இரண்டு கிழமையில் கால் இரண்டும் சோர்ந்தது. வந்தது இந்த நோய்தான். எந்தக் கிருமியால் எண்டு ஒருத்தரும் சோதிக்கவில்லை. திரும்ப நடக்க எட்டு மாதம் எடுத்தது.

அதுக்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் புறொயிலரைப் பற்றித்தான். ஊர்க்கோழி எண்டால் பயமில்லையாம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வெளியில் திரிந்து மேயும் கோழிகளிலும் இந்தக் கிருமி நிறையவே இருக்கிறது. அதுக்கு வேண்டியது சூடும் சீதமும்தான், கோழி எங்கே வளர்ந்தது எண்டு அது பார்ப்பதில்லை.

கறியிலும் பயமில்லை. அரை மணித்தியாலம் கொதிக்கிற எங்கட கோழிக்கறியில் இது தப்பாது. பயம் கறிக்கு முந்தி. பைப்பைத் திறந்துவிட்டு இறைச்சியைக் கழுவும்போது தண்ணி தெறிக்கும். பக்கத்தில் சம்பலுக்கு வெங்காயமும் மிளகாயும் வெட்டி வைத்திருக்கும். அதை நாங்கள் பச்சையாகத்தான் சாப்பிடுறம்.

இதைச் சொன்னால் அம்மாமார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கழுவாமல் சமைக்கிறதோ? ஆர் தின்னுறது அதை?" மஞ்சள் போட்டு மூன்று தரம் கழுவிப் பழகின கை அது. ஒரு வீட்டில் மட்டும் ஒரு உடன்படிக்கை வந்திருக்கிறது. பைப்புக்குக் கீழே இல்லை, ஆழமான சட்டிக்குள், தண்ணி தெறிக்காமல் மெல்லக் கழுவுறது. சம்பல் வெட்டுறது அதுக்கு முதலே முடியவேணும், மூடியும் வைக்கவேணும். மூன்று தரம் இப்ப ஒரு தரமாகியிருக்கு. மஞ்சளை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.