திரையில் உடைந்த சிலம்பு

நமுனுகுல மலையை மூடுபனி முழுவதும் மறைத்துவிட்ட நேற்றைய மாலையில், லயத்துக் காம்பராவில் அமர்ந்து 1964-ஆம் வருஷத்துப் ‘பூம்புகார்’ படத்தை மறுபடியும் பார்த்து முடித்தபோது, கண்ணகியாக வந்த விஜயகுமாரி பாண்டியன் சபையிலே உடைத்த அந்தச் சிலம்பைப்போல் தமிழ்த் திரையின் வேறெந்த ஆபரணமும் என் சித்தத்தில் பதிந்ததில்லை என்றே தோன்றியது. 1942-இல் கண்ணாம்பாவும் கண்ணகியாக நடித்திருக்கிறார். அதன் பின்னர் எத்தனையோ அட்டிகைகளும் ஒட்டியாணங்களும் திரையில் மின்னினவெனினும், அவை நடிகையரின் சௌந்தரியத்துக்குத் துணை நின்றனவேயன்றி, ஒரு வழக்கில் சாட்சி சொன்னவை அல்ல. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்; கதையின் நியாயம் முழுவதும் அந்தப் பரல்களுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது.

நம் சிங்கள அயலார் கண்ணகியைப் பத்தினி தெய்வமாக வணங்குகையில், அச்சிலம்பே தெய்வத்தின் சின்னமாகப் பூஜிக்கப்படுகிறது.

படத்தில் சிலம்பு உடையும் காட்சி வரும்போதெல்லாம் என் அப்பாயி, கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தன் வெறுங்காதைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அப்பாவின் படிப்புக்காகப் பசறையில் அடகு வைத்த தோடு மீளவேயில்லை. அந்தத் துளைகளில் கடைசிவரை வேப்பங்குச்சிதான் இருந்தது. படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்து கேட்பாள்:

“ஒண்ண ஒடைச்சிட்டா, சரி. சோடி இருந்திச்சே, அது எங்கடா போச்சு?”